ராஜம்மா சொன்ன சாட்சி

ஆவடி,
20 ஜனவரி 2025

கர்த்தருக்குள் பிரியமான அக்கா செவ்வந்திக்கு,

தம்பி தீனா அன்பின் ஸ்தோத்திரங்களோடு எழுதுவது. இங்கே நானும் வீட்டாரும் சபையாரும் நலம். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். அதனால் கடிதமாக எழுதுகிறேன்.

நம் அம்மா மகிமைக்குள் போய், வரும் பிப்ரவரி 23ஆம் தேதியோடு ஒரு வருஷம். அன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்திருக்கிறது. என் சபையில் நினைவு ஆராதனை வைத்திருக்கிறோம். அறுநூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். அம்மாவின் வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறு மலர் எழுதி அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார். நீயும் மேடைக்கு வந்து ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அம்மாவின் ஜெபம், பொறுமை, இப்படி ஏதாவது.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மாவின் வியாதியைப் பற்றி மட்டும் பேச வேண்டாம். அவளுடைய சாட்சியைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். தூக்கத்திலேயே சமாதானமாகக் கடந்துபோனாள் என்றுதான் மலரில் எழுதியிருக்கிறேன். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வா. ஸ்டேஷனுக்குக் கார் அனுப்புகிறேன்.

ஊழியத்தில் உன் அன்புத் தம்பி,
பாஸ்டர் தீனா டேனியல்


பழவேற்காடு,
27 ஜனவரி 2025

உயர்திரு பாஸ்டர் தீனா டேனியல் அவர்களுக்கு,

ராஜம்மா மகள் செவ்வந்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஏரியில் தண்ணீர் இருக்கிறது, இறால் இருக்கிறது, என் விரல்களில் வெட்டுக்காயம் இருக்கிறது. உங்கள் அறுநூறு பேருக்கும் என் ஸ்தோத்திரத்தைச் சொல்லிவிடுங்கள்.

மலரைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். யாரோ ஒரு அம்மையாரைப் பற்றி மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அவர் எந்த ஊர்?

"அறியாமை இருளில் கிடந்த தாயை மகனே ஒளிக்கு நடத்தினான்" என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதே, அந்த மகனுக்கு அப்போது மூன்று வயது. மூக்கு ஒழுகிக்கொண்டு அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பத்து வயது, எல்லாம் நினைவிருக்கிறது. நம் நைனா இந்த ஏரியில் மூழ்கிச் செத்தபோது வந்தவர்கள் எல்லோரும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனார்கள். வேதக்கோயில் டீச்சரம்மா ஒருத்திதான் வாயே திறக்காமல் உட்கார்ந்து மீன் ஆய்ந்து, குழம்பு வைத்து, நமக்குச் சோறு போட்டுவிட்டுப் போனாள். மூன்று நாள் அப்படி வந்தாள். நாலாம் நாள் அம்மா, "இந்தப் பொம்பளைய அனுப்பின சாமி எதுவோ, அது போதும் எனக்கு" என்று கோயிலுக்குக் கிளம்பினாள். அவள் இரட்சிக்கப்பட்ட கதை இவ்வளவுதான். நீங்கள் எழுதியிருக்கும் ஒளிவெள்ளம் எதுவும் அடிக்கவில்லை. மீன் குழம்பு வாசனைதான் அடித்தது.

ஞானஸ்நானத்தில் கிரேஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டாளாம். மாற்றச் சொல்லி அந்தக் கோயில் பாதிரி ஐயர் கேட்டது உண்மை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ராஜம்மான்னு கூப்ட்டாதான் ஐயரே நான் திரும்பிப் பாப்பேன். கடைசி நாள்ல அவரு வந்து கிரேஸுன்னு கூப்ட்டு, நான் வேற யாரையோன்னு படுத்துக் கெடந்துட்டா?" ஐயர் சிரித்துவிட்டு ராஜம்மா என்றே முழுக்குக் கொடுத்தார். இந்த ஏரியில்தான். கழுத்தளவு தண்ணீரில் நின்று, இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கையை விட்டுத் தடவித் தடவி நம்மை வளர்த்தாளே, அதே தண்ணீரில். அதை "எளிய மீனவக் குடும்பம்" என்று ஒரே வரியில் தாண்டியிருக்கிறீர்கள். நமக்கு ஏது படகு, ஏது வலை? கைதான் இருந்தது. கையால் இறால் பிடித்தவளின் மகன் என்று சொல்லச் சபையில் கூச்சமாக இருக்கிறதோ?

படத்தில் மூக்குத்தியைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கிறீர்கள். முகத்தையும் வெளுத்திருக்கிறீர்கள். கறுப்பாக இருந்தால் பரலோகத்தில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களா?

பிறகு அந்த "தூக்கத்திலேயே சமாதானமாக." இதை எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சமாவது தயங்கியதா? கடைசி ஐந்து மாதம் அவள் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை. மார்பில் கட்டி உடைந்து புண்ணாகி, தினமும் நான்தான் கட்டு மாற்றினேன். நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் அவளை மேடையில் ஏற்றி, தலையில் கை வைத்து, கட்டி கரைந்துபோனது என்று மைக்கில் கத்தினீர்கள். அவளும் கையைத் தூக்கி, சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொன்னாள். அந்தப் படத்தைப் பேனராக வைத்தீர்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டிய தேதி வந்தபோது, "சாட்சி சொல்லிட்டு மருந்து ஏத்திக்கினா ஜனங்க விசுவாசத்துல இடறிப்போவாங்கம்மா" என்றீர்கள். உங்களுக்காக இரண்டு தேதியைத் தவறவிட்டாள். மூன்றாவது தேதிக்கு நான் இழுத்துக்கொண்டு போனபோது டாக்டரம்மா என்னைத்தான் திட்டினாள்.

சுகமானவள் செத்தால் ஊழியத்துக்கு அவமானம். அதனால் சாகிறவளைப் பார்க்காமலே இருந்துவிட்டீர்கள். அடக்கத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, மண் மூடுவதற்குள் காரில் ஏறினீர்கள்.

நான் வரமாட்டேன். என்னிடம் வெள்ளைச் சேலையும் இல்லை.

செவ்வந்தி


ஆவடி,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் மடித்து வைத்துவிட்டேன்.

நீ கசப்பில் எழுதியிருக்கிறாய். ஒரு ஊழியக்காரனை இப்படிப் பேசுவது நல்லதல்ல என்று மட்டும் சொல்கிறேன். அம்மா சாக வேண்டும் என்றா ஜெபித்தேன்? சுகம் கொடுப்பதும் கொடுக்காததும் கர்த்தருடைய சித்தம். மருந்து ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று உன்னால் அடித்துச் சொல்ல முடியுமா?

எனக்குப் பின்னால் அறுநூறு பேர் இருக்கிறார்கள். குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள், பிரிந்துபோய் மறுபடி சேர்ந்து வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் நம்பிக்கையை உடைத்து நமக்கு என்ன ஆகப்போகிறது? நீ உண்மையைச் சொல்வதால் அம்மா திரும்பி வருவாளா? மூக்குத்தியை வேண்டுமானால் திரும்பப் போடச் சொல்கிறேன். வர விருப்பமில்லாவிட்டால் வராதே. எனக்காக ஜெபித்துக்கொள்.

பாஸ்டர் தீனா டேனியல்

பி.கு. கடைசியில் அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? போனில் கேட்க வாய் வரவில்லை.


பழவேற்காடு,
11 பிப்ரவரி 2025

பாஸ்டர் அவர்களுக்கு,

மூக்குத்தியைத் திரும்பப் போடச் சொல்கிறீர்களாம். அறுநூறு பேரின் மேய்ப்பர் ஒரு மூக்குத்தி அளவுக்கு மனந்திரும்பிவிட்டார். ஸ்தோத்திரம்.

மருந்து ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு கூசாது, நான் மைக் பிடிக்காதவள்.

கடிதம் முழுக்கப் பாஸ்டர் எழுதியிருக்கிறார். கடைசி இரண்டு வரியை மட்டும் என் தம்பி எழுதியிருக்கிறான். அவனுக்காக இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னாள். சொல்லிவிடுகிறேன்.

சாவதற்கு ஒரு வாரம் முன்னால், காலையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன் புள்ள உன்ன மேடையேத்தி ஊரையே ஏமாத்திட்டாம்மா" என்றேன்.

"அவன் ஏமாத்தல. நான்தான் ஏமாத்தினேன்" என்றாள்.

"இன்னா உளர்ற?"

"என் தல மேல கை வெச்சான் பாரு, அந்தக் கை கிடுகிடுன்னு நடுங்கினு இருந்துச்சு. அவனுக்கே நம்பிக்க இல்லடி. அவ்ளோ ஜனம் பாத்துனு கீது. கட்டி அப்டியேதான் கீதுன்னு நான் சொல்லியிருந்தா புள்ள அங்கயே விழுந்திருப்பான். அதான் கையத் தூக்கினேன். கர்த்தரு பேரச் சொல்லிப் பொய் சொன்னது நானு."

"மருந்துக்குப் போவாததும் அதுக்குத்தானா?"

"ரெண்டு தபா போவலன்னா இன்னா ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன். ஆயிடுச்சு."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அவரு முன்னாடி போய் நின்னா, ஏன் என்ன சொகமாக்கலன்னு கேப்பியா?" என்றேன்.

சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும். "எங்க போறேன்னு எனக்குத் தெரியும். அதுல பயம் ஒண்ணும் இல்ல. நான் ஏன் அவரக் கேள்வி கேக்கப் போறேன்? அவரு கேப்பாரே, 'உன் மவன் ஏன் உன்னப் பாக்க வரல?'ன்னு. இன்னா சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிச்சினு கீறேன். ஒண்ணும் தோண மாட்டேங்குது."

புரிகிறதா தீனா? புண் நாறிக்கொண்டு, தண்ணீர்கூட இறங்காமல் கிடந்த பொம்பளை, கர்த்தரிடம் சொல்ல உனக்கு ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்காமலே போய்ச் சேர்ந்தாள். அவள் பொய்யை அவள் ஒத்துக்கொண்டு செத்தாள். நீ உன் பொய்யை அறுநூறு பிரதி அச்சடிக்கிறாய்.

என்னவோ செய்துகொள். எனக்கு ஏரிக்குப் போக நேரமாகிறது.

செவ்வந்தி


ஆவடி,
9 மார்ச் 2025

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

மலர்க் கட்டைப் பிரிக்கவே இல்லை. 23ஆம் தேதி மேடையில் ஏறினேன். பாட்டு முடிந்ததும், "என் அம்மா சுகமாகவில்லை. மார்புப் புற்றுநோயில் செத்துப்போனாள். மருந்தை நிறுத்தச் சொன்னவன் நான். அவள் தலையில் கை வைத்தபோது எனக்குள் விசுவாசம் இல்லை, பயம்தான் இருந்தது" என்றேன். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். யாரோ மைக்கை அணைத்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தாள். அங்காளம்மாள் என்று பெயர், இட்லிக்கடை வைத்திருப்பவள். சத்தமே போடவில்லை. "அப்போ நான் நிறுத்தின சக்கர மாத்திரைக்கு இன்னா பண்றது பாஸ்டர்?" என்றாள். அம்மாவின் பேனரைப் பார்த்துவிட்டு, தனக்கும் சுகம் கிடைத்துவிட்டது என்று ஒன்றரை வருஷமாக மாத்திரை போடவில்லையாம். காலில் பெரிய புண். துணி சுற்றிச் சேலைக்குள் மறைத்திருந்தாள். வாரம் தவறாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள், அக்கா. நொண்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்ததே இல்லை.

ஆராதனையை அப்படியே விட்டுவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினேன். கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்புமா என்று இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு வேறு யாரும் இல்லை, நான்தான் கூட இருக்கிறேன். கட்டு மாற்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். நீ இதை ஐந்து மாதம் செய்திருக்கிறாய். அவள் என்னை இன்னும் பாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மூப்பர்கள் சபைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பாதிப் பேர் என்னைத் திட்டுகிறார்கள். மீதிப் பேர் நான் விசுவாசத்தை இழந்துவிட்டேன் என்று எனக்காக ஜெபிக்கிறார்கள். இழந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. எங்கே போகிறேன் என்று அம்மா பயமில்லாமல் சொன்னாளே, அந்த நம்பிக்கையில் கொஞ்சம் எனக்கும் வேண்டும் என்று கேட்கிறேன். சத்தம் போடாமல் கேட்கிறேன்.

அம்மா கல்லறைக்கு வரவேண்டும். நீ சரி என்றால் உடனே கிளம்பி வருகிறேன்.

தீனா


பழவேற்காடு,
16 மார்ச் 2025

தீனா,

கடிதம் வந்தது. நல்ல காரியம் செய்தாய் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால், எழுத மாட்டேன். அம்மா செத்து ஒரு வருஷம் கழித்து உண்மையைச் சொன்னவனுக்கு மாலை போடும் வழக்கம் நம் வீட்டில் இல்லை.

உடனே கிளம்பி வருகிறாயாம். அப்போது அங்காளம்மாளுக்குக் கட்டு யார் மாற்றுவது? உனக்கு எப்போதுமே நோயில் கிடப்பவர்களைவிடச் செத்தவர்கள்தான் சௌகரியம். படுத்திருப்பவளை விட்டுவிட்டு ஓடிவந்து கல்லறையில் விழுந்து அழுதால் அம்மா உச்சி குளிர்ந்துபோவாளா?

கட்டைப் பிரிக்கும்போது பிய்த்து இழுக்காதே. மருந்துத் தண்ணீர் விட்டு நனைத்து, ஊறிய பிறகு மெதுவாக எடு. நான் முதல் நாள் பிய்த்து இழுத்து அம்மாவை அலற வைத்தேன். நானும் வாந்தி எடுத்தேன். ஏரிக்கரைக்கு ஓடிப்போய் எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அங்காளம்மாளிடம் ஏதாவது பேசிக்கொண்டே மாற்று. பிரசங்கம் வேண்டாம். இட்லிக்கு என்ன அரிசி போடுவாள் என்று கேள்.

அவள் எழுந்து நடக்கும் நாளில் வா. அவளுக்கு மனமிருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. நண்டுக் குழம்பு வைக்கிறேன். பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது.

அதுவரை வராதே. அம்மா எங்கும் போய்விட மாட்டாள். கர்த்தர் வந்து ராஜம்மா என்று கூப்பிட்டால்தான் உண்டு.

அக்கா,
செவ்வந்தி