மூன்றில் எது

மார்ச் 3
காலை ரியாக்ட் ஒரு மணி நேரம். பகலில் ஆங்குலர். மாலையில் வியூ. கடிகாரம் வைத்துத்தான். வலைப்பக்கம் எழுத இந்த மூன்று ஃபிரேம்வொர்க் கருவிகளில் எதைக் கற்றால் வேலை கிடைக்கும் என்று தெரியாதவரை, மூன்றையும் சமமாக நடத்துவதே நியாயம். பம்புத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் தரச் சோதனை செய்தவனுக்கு வேறு வழி தெரியாது.

தொழிற்சாலையை மூடி எட்டு மாதம். மே மாதத்தோடு மனைவியும் ஓய்வு பெறுகிறாள். பிறகு இந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போக யாரும் இல்லை. அறுபத்தோரு வயதில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் திருத்திக்கொள்ள நாள் ஏது?

மார்ச் 6
வியூவில் எழுத வேண்டியதை ஆங்குலரில் எழுதியிருக்கிறேன். கண்டுபிடிக்க நான்கு மணி நேரம்.

மார்ச் 9
மகள் போனில் பேசினாள். மருத்துவமனைகளுக்கு வலைப்பக்கம் செய்யும் சிறிய நிறுவனம். 27ஆம் தேதி நேர்காணல். புதியவர்களும் போகலாம். ஓடுகிற பக்கம் ஒன்றைக் காட்ட வேண்டும்.
"எதுலப்பா செய்யப் போறீங்க?"
"மூணுலயும் பாதி வந்திருக்கும்மா."
"ரெண்டு தோணியில கால் வைக்காதேன்னு எனக்குச் சொன்னவர் நீங்க. மூணாவது காலுக்கு எங்க போவீங்க?"
அங்கே எதில் வேலை என்று கேட்டுச் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இதுகூடத் தெரியாதவனா என்று அவர்கள் நினைத்துவிட்டால்?

மார்ச் 12
தரச் சோதனைத் தாள் போலப் பத்துக் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். மூன்றுக்கும் சமம். முடிவெடுக்கப் பயந்து நானே அப்படிப் போடுகிறேனோ?

மார்ச் 15
மூன்றிலும் செய்வது ஒரே பக்கம்தான் - மனைவிக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது. மூன்றையும் அவளிடம் காட்டினேன்.
"மூணும் அரையும் குறையுமா நிக்குதுங்க. நான் மாத்திரையை முழுசாத்தானே போடணும்."

மார்ச் 16
ரியாக்ட், ஆங்குலர் கோப்புகளை அழித்தேன். ஏன் வியூ? அவளுடைய ஐந்து மாத்திரைகளில் நான்கு அதில் ஏறியிருந்தன. என் பத்துக் கட்டத்தில் இதற்கு இடமில்லை.

மார்ச் 18
பக்கம் ஓடுகிறது. "எழுத்து எறும்பு மாதிரி இருக்குங்க" என்றாள். பெரிதாக்கினேன்.

மார்ச் 26
பக்கத்தை மூன்று முறை திறந்து பார்த்தேன். நாளை நேர்காணல்.

மார்ச் 27
என் மகள் வயதுதான் இருக்கும் அந்த மேலாளருக்கு. பக்கத்தைத் திறந்து பார்த்தார்.
"இதை யார் சார் யூஸ் பண்றாங்க?"
"என் மனைவி. ஒன்பது நாளா."
"ஏதாவது குறை சொன்னாங்களா?"
எறும்பைச் சொன்னேன், எழுத்தைப் பெரிதாக்கியதையும். சிரித்தார். பிறகு, "இங்க எல்லாம் ஆங்குலர்ல, சார்."

எட்டு மாதமாக எதற்குப் பயந்தேனோ அதுவே. தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கத்துக்குவீங்களா என்று கேட்டார். தைரியமாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் - "பயமா இருக்குங்க" என்று வாயில் வந்துவிட்டது.
"எங்களுக்கும்தான் சார். நாங்க கத்து முடிக்கறதுக்குள்ள அடுத்த வெர்ஷன் வந்துடுது. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க. மூணு மாசம் பார்ப்போம்."

மார்ச் 30
எட்டேகாலுக்கே போய்விட்டேன். கதவு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: ஆங்குலர், பாடம் ஒன்று.
ஒரு மணிக்கு மனைவி போன் செய்தாள். "பக்கம் சொல்லிச்சு, மாத்திரை போட்டாச்சு. நீங்க உங்களுதைப் போட்டீங்களா?"
என் மாத்திரையை அந்தப் பக்கத்தில் ஏற்றவே இல்லை.