பின்வரிசைப் பெட்டிகள்

பிரியமுள்ள தேவராஜ் மச்சானுக்கு,

நேற்று மகாபலிபுரம் பக்கத்து இறால் கம்பெனியின் குளிர் அறையைத் திறந்தார்கள். சரக்கை நம்பிக் கடன் கொடுத்த பேங்க்காரர்கள் இரண்டு பேர், நம் ஆடிட்டர், நான். முன் இரண்டு வரிசைப் பெட்டிகளில் இறால் இருந்தது. அதற்குப் பின்னால் சுவர் வரைக்கும் எல்லாமே வெறும் ஐஸ். ஒரு கட்டியை உடைத்தேன், இன்னொன்றை உடைத்தேன். கை மரத்துப்போன பிறகும் உடைத்துக்கொண்டே இருந்தேன். பேங்க்காரர்தான் "போதும் சார்" என்று என் தோளைத் தொட்டார்.

எமர்ஜென்சி முடிந்த கையோடு நாம் இரண்டு பேரும் அங்கே சரக்கு எண்ணப் போனோமே, மறந்திருக்க மாட்டாய். மேனேஜர் வறுத்து வைத்த வஞ்சிரத்தை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ எழுந்து போய், வேலை கேட்டு வாசலில் நின்ற இறால் உரிக்கும் பெண்களிடம் பேசினாய்.

திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாய்: "மச்சான், ரெண்டு மாசமா எறாவே வர்லியாம். அவங்கல்லாம் வூட்ல குந்திக்கினு கீறாங்க. கணக்குல இன்னாடான்னா சரக்கு ஏறிக்கினே போவுது. பின்னாடி வரிசைய எறக்கிப் பாத்துடலாம்."

இறக்க ஆளில்லை என்றார் மேனேஜர். ஏழு வருஷமாகப் பழகியவர். முன்வரிசையில் திறந்த நான்கு பெட்டிகளும் சரியாக இருந்தன. "அந்தப் பொம்பளைங்க பேச்சக் கேட்டுக்கினு ஆடிட் பண்ண முடியுமா?" என்றேன். உன் அம்மா கூலிக்குப் போய் உன்னைப் படிக்க வைத்தது தெரிந்தும் எப்படி அதைச் சொன்னேன், மச்சான்?

நீ விடவில்லை. அவர்கள் சொன்னதை ஆடிட் குறிப்பெழுதும் வேலைத்தாளில் எழுதினாய். ஆபீசில் உனக்கு மேலே இருந்தவன் நான். சிவப்புப் பென்சிலால் அதை அடித்து, 'தேவையில்லை' என்று பக்கத்தில் எழுதினேன். மூன்று மாதத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று கம்பெனியைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால் அதே பெண்கள். ஒருத்தி கேட்டாள், "கண்ணாடி போட்ட சார் வர்லியா?" நான் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செங்கல்பட்டு திரும்பும் காரில் ஆடிட்டர் சாதாரணமாகச் சொன்னார்: "எண்ணுனது தேவராஜ்தானே. அவன்தான் போய்ட்டானே. அந்தத் தாள மட்டும் எடுத்துடு. உனக்கும் நல்லது."

நாம் இரண்டு பேரும் எவ்வளவு மதித்த மனிதர். செத்தவன் மேல் பழி போடுவது இவ்வளவு சுலபமா? அதைவிட என்னைப் பதற வைத்தது வேறு. செங்கல்பட்டு ஏரி தெரிகிறவரைக்கும் நானும் அந்தத் தாளை எடுத்துவிடலாமா என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆபீசில் ஃபைலைப் பிரித்தேன். உன் குண்டு எழுத்து. அதன் மேல் என் கோடு. தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பேங்க்குக்குப் போய், "இத அடிச்சது நான்தான்" என்று மேசையில் வைத்தேன். இன்று காலை ஆடிட்டர் என்னை இனி வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

உன் தங்கை எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  "எங்கண்ணன் சொன்னத அன்னிக்கே கேட்டிருந்தா இன்னா கொறஞ்சிருப்ப?" என்றாள்.  

விசாரணை வரும். பின்வரிசையைப் பார்க்கச் சொன்னவன் தேவராஜ், தடுத்தவன் நான் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கருங்குழிக்குப் போய் உன் அம்மாவிடமும் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலும் அவர்கள் இதைக் கேட்கக் கூடாது.

உன் தங்கை புருஷன்,
சாமுவேல்