மரியாதைக்கு எவ்வளவு தேநீர்

அக்டோபர் 21, செவ்வாய்

வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று என் மருமகளை அவமானப்படுத்தினேன் என்று தெருவில் பேச்சு. தவறு. நான் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியேதான் சொன்னேன். அதுவும் கேட்டதால்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். மருமகள் முஹய்யோ ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். இன்று அவளுக்கு மாதிரிப் பாடம். கல்வி அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பார். திருப்தியானால் அவளுக்குப் பதவி உயர்வு. வீட்டுப் பெரியவர்களும் வரலாம் என்றார்கள். போனேன்.

பாடம்: இரண்டு அளவுகள் விகிதத்தில் மாறுகின்றனவா என்று கண்டுகொள்வது. நன்றாகத் தொடங்கினாள். நாலு கிலோ ஆப்ரிகாட்டைக் காயவைத்தால் ஒரு கிலோ, எட்டுக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு மூன்று. ஒவ்வொன்றையும் வகுக்கச் சொன்னாள். எப்போதும் நாலு வந்தது. பிறகு தந்தூர் அடுப்பு. ஒரு ரொட்டி வேக எட்டு நிமிடம் என்றால் இருபது ரொட்டிக்கு? "நூத்தி அறுபது!" என்றான் ஒரு பையன். "ஒண்ணொண்ணாவா சுடுவீங்க? உங்க வீட்டுல எல்லாரும் பசியிலேயே போயிடுவாங்கடா" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும், உள்ளுக்குள்.

அடுத்தது தேநீர். "விருந்தாளிமேல மரியாதை கூடக் கூட, பியாலால ஊத்துற தேநீர்?" "குறையும்" என்று எல்லாப் பிள்ளைகளும். எங்கள் மர்கிலான் ஊரில் இது தெரியாத குழந்தை உண்டா? பெரியவருக்குப் பியாலாக் கிண்ணத்தில் இரண்டு வாய்தான் ஊற்ற வேண்டும். அப்போதுதான் திரும்பத் திரும்ப எழுந்து உபசரிக்க முடியும். விளிம்புவரை நிரப்பினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவள் பலகையில் எழுதினாள்: மரியாதையைத் தேநீரால் பெருக்கினால் மாறாத எண். ஆகவே எதிர்விகிதம்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க மருந்துக்கடையில அளந்து அளந்தே காலம் தள்ளினவங்க. என்னம்மா சொல்றீங்க?"

சொன்னேன். "மரியாதை ரெண்டு மடங்கானா தேநீர் சரியா பாதியாகுமா? மரியாதைய எந்தத் தராசுல நிறுத்தீங்க? ஒண்ணு ஏற ஒண்ணு இறங்கினா மட்டும் விகிதம் ஆயிடாது."

முஹய்யோவின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். பதவி உயர்வு இப்போதைக்கு இல்லை. டிசம்பரில் இன்னொரு முறை நடத்திக் காட்ட வேண்டுமாம்.

நான் சொன்னதில் பிழை உண்டா? இல்லை. பிறகு ஏன் இதை இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன்?

அக்டோபர் 22

காலையில் என் பியாலா விளிம்புவரை நிரம்பியிருந்தது.

இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் எனக்கு ஊற்றியது இரண்டு வாய்தான். சிந்தாமல் முழுவதையும் குடித்தேன். நாக்கு சுட்டது.

அக்டோபர் 24

பக்கத்து வீட்டு சலோமத் வந்தாள். "உன் மருமக தாய்வீட்டுக்குப் போறாளாமே. நீ வாயத் திறந்தா சுவத்துச் சுண்ணாம்புகூட உதிரும்டி."

"ஒழுங்கா பூசியிருந்தா உதிராது."

"இதத்தான் சொல்றேன்" என்றாள்.

நவம்பர் 1

பள்ளி விடுமுறை. முஹய்யோ என் பேத்தியோடு கோகந்திலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். விடுமுறைக்குப் போவது வழக்கம்தான். ஆனால் இந்த முறை குழந்தையின் பனிக்கால மேல்கோட்டையும் மடித்து எடுத்துவைத்தாள். ஒரு வாரத்துக்கு எதற்கு அந்தக் கோட்டு?

"வர்றேம்மா" என்றாள். எப்போது என்று கேட்டிருக்கலாம். "கார் ஜன்னல மூடிக்கோ" என்றேன்.

கொரியாவில் வேலையிலிருக்கும் மகன் தொலைபேசியில் பேசினான். என் தரப்பை வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அம்மா, நீங்க சொல்றது சரிதான். எப்பவுமே சரிதான். அவ பாவம், தினம் அதோட குடியிருக்கா" என்றான். வைத்துவிட்டேன்.

நவம்பர் 2

தேநீர் நன்றாக இறங்கட்டும் என்று கெட்டிலிலிருந்து பியாலாவில் ஊற்றி, மூன்று முறை கெட்டிலுக்கே திருப்பி — எல்லாம் முறைப்படி செய்தேன். பிறகு கை நின்றது. எனக்கு நானே எவ்வளவு ஊற்றிக்கொள்வது? இரண்டு வாயா? யாருக்கு யார் மரியாதை செய்யறது இங்க? ஒத்தை ஆளுக்கு என்ன முறை வேண்டிக்கிடக்கு? அப்படியே கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

என் சிறுவயதில், இந்த ஊருக்குத் திரும்புவதற்கு முன், நாங்கள் ஸ்ரீநகரில் அகதிக் குடும்பமாக இருந்தபோது என்னைப் படிக்கவைத்தவர்கள் கன்னியாஸ்திரிகள். பிறர் பிழையைத் திருத்துவது அன்பு என்பார் சிஸ்டர் அகதா. எந்தக் குரலில் திருத்துவது என்று சொல்லித்தரவில்லை. அல்லது சொன்னபோது நான் பிறர் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேனோ என்னவோ.

நவம்பர் 4

சலோமத்தின் பேத்தி ரோபியா சூடாக ரொட்டி கொண்டுவந்தாள். முஹய்யோவின் வகுப்புதான்.

"பாட்டி, உங்க கேள்விய நாங்க வீட்டுப்பாடமா செஞ்சோம்."

"எந்தக் கேள்வி?"

"அதான், தராசு. டீச்சர் மறுநாளே வந்து, 'நேத்து நான் எழுதினது தப்பு, எங்க அம்மா பிடிச்சுட்டாங்க. ஆனா அவங்க சொன்னாங்கன்னு நம்பாதீங்க, வீட்டுல அளந்து பாருங்க'ன்னாங்க."

"எங்க அம்மான்னு சொன்னாளா, மாமியார்னு சொன்னாளா?"

"அம்மான்னுதான். ஏன் பாட்டி?"

"ஒண்ணுமில்ல. அளந்தியா?"

"ஸ்பூனால அளந்தேன். தாத்தாவுக்கு அஞ்சு, மாமாவுக்கு எட்டு, எனக்குப் பதினாறு. தேநீருக்கு எண் வந்துடுச்சு. மரியாதைக்கு என்ன எண் போடறதுன்னுதான் ஒரே சண்டை. தாத்தா தனக்கு நூறு போடுன்னாரு. மாமா 'அப்ப எனக்கு?'ன்னாரு. 'மூணு போடு, அதுவே ஜாஸ்தி'ன்னாரு தாத்தா." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "எல்லார் வீட்டுலயும் சண்டை. கடைசில டீச்சர் எழுதச் சொன்னாங்க, 'சேர்ந்து மாறும், ஆனா விகிதம் இல்ல'ன்னு. எனக்கு இப்ப எதப் பாத்தாலும் வகுத்துப் பாக்கணும்னு தோணுது."

இதைவிட ஒரு வகுப்புக்கு என்ன வேண்டும்? அதிகாரி அன்றல்லவா வந்திருக்க வேண்டும்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஒரு பையன் கேட்டான் பாட்டி, 'உங்க அம்மாவுக்கு நீங்க எவ்வளவு ஊத்துவீங்க'ன்னு. டீச்சர் சிரிச்சாங்க. பதிலே சொல்லல."

நவம்பர் 5

நாளை தபாலில் சேர்க்க வேண்டும். இங்கே எழுதிப் பார்த்துவிட்டுப் படியெடுக்கிறேன்.

முஹய்யோவுக்கு,

என் கேள்வி சரி. கேட்ட இடம் சரியில்லை. டிசம்பர் பாடத்துக்கு நான் வர வேண்டுமா, வீட்டில் இருக்க வேண்டுமா என்பதை நீயே முடிவு செய்.

தேநீரை விட்டுவிடாதே. பிள்ளைகள் ஸ்பூனால் அளந்தது நல்ல பாடம். நீ நடத்தியதிலேயே சிறந்தது. கூடவே என் பழைய கடையிலிருந்து ஒன்று தருகிறேன். குழந்தையின் எடை இரண்டு மடங்கானால் மருந்தும் இரண்டு மடங்கு. ஆனால் மனிதர் எவ்வளவு பருத்தாலும் ஒரு அளவுக்குமேல் மருந்து ஏறாது. விகிதம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று வகுப்பைக் கேள்.

ஒரு சந்தேகம். மறுநாள் காலை என் பியாலாவை நிரப்பி வைத்தாய். கிளம்பு என்றாயா? அல்லது, இவள் விருந்தாளி அல்ல, வீட்டு மனுஷி என்று நினைத்தாயா? முதலாவது என்றால் உன்மேல் குற்றமில்லை. இரண்டாவது என்றால் இனி தினமும் நிறையவே ஊற்று. இரண்டு வாய் எனக்கு என்றுமே போதவில்லை.

குழந்தை கையுறையை இங்கே விட்டுப் போயிருக்கிறாள். அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

தொலைபேசி வேண்டாம், நீ பேசும்போது நான் நடுவில் திருத்துவேன். எழுத்தில் பதில் அனுப்பு.