யாரையும் உள்ளே விடாத துரைக்கு

இன்று காலை சிலிண்டர் போடுகிறவர் நேராக அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்று "யக்கா, நாயப் பிடிச்சாச்சா?" என்று கத்தவில்லை. நானும் "இருங்க, கட்டிட்டு வாரேன்" என்று ஓடவில்லை. அவர் இறக்கி வைத்துவிட்டுப் போன பிறகும் காக்கிச் சட்டையின் வியர்வை வாடை அடுப்படியில் நின்றது. பதினொரு வருஷத்தில் அந்த வாடை கேட்டைத் தாண்டி வந்ததே இல்லை. எனக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. அதனால்தான், துரை, உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நாய்க்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாகத் தபால் அலுவலகத்தில் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறவள் நான். என் கடிதத்தை யாருக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்வதானால் நீ நல்ல பெயர் எடுத்த நாய் இல்லை. என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிற கடையில், ஒரு பழைய மோட்டாருக்குப் பின்னால் மழைக்கு ஒண்டிக் கிடந்த உன்னை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். வந்த மூன்றாம் நாளே நடுக்கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டாய். "துரை வந்திருக்காரு, காத்து வாங்குதாரு" என்று அவர் சொன்னதே உன் பெயராகிவிட்டது. வளர வளர உனக்கு ஒரு கொள்கை வந்தது. வெறுங்கையோடு வருகிறவர்களை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவாய். கையில் எதையாவது வைத்திருந்தால் போச்சு. பால் கேன், குடை, பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவரும் கொழுக்கட்டைக் கிண்ணம், எதுவானாலும் சரி. என்னோடு வேலை பார்க்கும் தபால்காரரின் கால்சட்டையை நீ கிழித்த நாளிலிருந்து, நம் வீட்டுத் தபாலை அவர் கவுண்டரிலேயே என் கையில் கொடுத்துவிடுவார். "ஒங்க வீட்டுக்கு வாரதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா மேடம்?" என்பார்.

ஆற்றில் மட்டும் நீ வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போவோம். வாளியும் துணிமூட்டையுமாக அத்தனை பேர் இருப்பார்கள். ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டாய். தாமிரபரணியில் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு எருமை மாதிரி கிடப்பாய். நான் முழங்காலுக்கு மேல் இறங்கினால்தான் பதறுவாய். நீந்தி வந்து சேலையைப் பல்லால் கவ்விக் கரைக்கு இழுப்பாய். அப்படிக் கிழிந்த சேலைகளை வைத்து ஒரு மெத்தையே தைத்திருக்கலாம். "ஒன்ன மட்டுந்தான்ட்டி காப்பாத்துதான். நான் முங்கிச் செத்தாலும் திரும்பிப் பாக்கமாட்டான்" என்று அவர் குறை சொல்வார்.

எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தபோது கட்டிலுக்கு அடியைவிட்டு நீ நகரவில்லை. கஞ்சித் தம்ளரோடு வந்த அவரையே உறுமி நிறுத்தினாய். தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகுதான் அவரால் என் நெற்றியைத் தொட முடிந்தது. அந்த மாதிரி என்னை யாரும் காவல் காத்ததில்லை, துரை. 

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரிந்த கதை. நீ இருந்தவரை முழுசாகத் தெரிந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான்.

அவருடைய தங்கை செல்வியைச் சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்குக் கல்யாணம் கூடியது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு வீட்டுக்கு வந்து, கையில் கொடுத்து, வாய் நிறைய அழைக்க வேண்டும். அன்று பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "அவனச் சங்கிலியில போட்டுட்டுப் போ" என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். உன் சங்கிலிக் கொக்கி தேய்ந்தது; 'டக்' என்று சத்தம் கேட்டால்தான் மாட்டியதாக அர்த்தம். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு கையில் டிபன் பை, மறு கையால் கொக்கியை வளையத்தில் செருகிவிட்டு ஓடினேன். சத்தம் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் பஸ் ஏறினேன்.

மற்றதை நீ அறிவாய். செல்வியும், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவள் வீட்டுக்காரரும் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே கால் வைத்ததும் நீ பாய்ந்தாய். தட்டு உருண்டு, வெற்றிலையும் பழமும் வாசலெல்லாம் சிதறின. அந்த அண்ணனின் கெண்டைக்காலில் ரத்தம். பத்திரிகை வைக்கப் போன இடத்தில் ரத்தம் பார்த்ததும் செல்வி ஆடிப்போய்விட்டாள். அவர் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள், சிதறியதை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் என்னைக் கேட்டார். "நல்லாத்தான் மாட்டுனேன். சத்தம் கேட்டுச்சு" என்று சாதித்தேன். மனிதர் அதை நம்பி, தங்கையிடம் போனில் அடித்துப் பேசினார். "எங்க வீட்ல கட்டித்தான் போட்டிருந்தா. நீங்கதான் ஏதோ சீண்டியிருக்கணும்." செல்விக்கு அது தாங்கவில்லை. கட்டிய நாய் எப்படி வரும்? அண்ணன் வேண்டுமென்றே அவிழ்த்து விட்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். பத்து நாளில் அந்தப் பத்திரிகை தபாலில் வந்தது. தபால்காரர் என் கவுண்டரில் அதை நீட்ட, நானேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"கூடப்பொறந்தவனுக்குத் தபால்ல அனுப்புதா. 'வாண்ணே'ன்னு ஒரு சொல்லு கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்?" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். மாமன் சீருக்கு எடுத்த பட்டுச்சேலை பீரோவிலேயே கிடந்தது. மணையில் அவர் செய்யவேண்டியதை யாரோ ஒரு பெரியப்பா மகன் செய்தானாம். செல்வியும் விடவில்லை. "அண்ணன் வாயத் தொறந்து 'வா'ன்னு சொல்லாம அந்த வாசல மிதிக்கமாட்டேன்" என்று உறவெல்லாம் சொல்லிவிட்டாள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரு சொல்லுக்காக நாலு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். எல்லாரும் உன்னைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். "எல்லாம் இந்தச் சனியனால வந்தது" என்று நான் சொல்லும்போது நீ என் காலடியில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருப்பாய்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ சாப்பாட்டை விட்டாய். கால்நடை மருத்துவமனையில் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், புறவாசலில், என் மடியில் தலையை வைத்துக்கொண்டே அடங்கினாய். எலுமிச்சை மரத்தடியில் அவரே குழி வெட்டினார். வெட்டிவிட்டு, மண்வெட்டியைப் பிடித்தபடி குழந்தை மாதிரி அழுதார். அப்புறம் உன் படத்தைப் போட்டு 'துரை போயிட்டான்' என்று ஸ்டேட்டஸ் வைத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். கேட்டில் ஒரு குரல். "மதினி, நாயக் கட்டியாச்சா?"

செல்வி! பழக்கத்தில் கேட்டுவிட்டு, அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நீ கடித்த அந்த அண்ணன். இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். நீ இருந்திருந்தாலும் விட்டிருப்பாய்.

அவர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். வாய் திறக்கவில்லை. எனக்குத் திக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது. துக்க வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அழைக்காமலே வருகிற இடம் அது ஒன்றுதான். அண்ணன் சொல்லவில்லை, தங்கை எதிர்பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து, மனிதர் செத்த வீட்டில் செய்கிற மாதிரியே கை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் எலுமிச்சை மரத்தடிக்குப் போய் நின்றார்கள்.

காபி குடிக்கும்போது அந்த அண்ணன் பைய ஆரம்பித்தார். "கோவத்துல கேக்கல அத்தான். கட்டுன நாய் எப்படி வந்துச்சு? அது ஒண்ணுதான் இன்னைக்கும் வெளங்கல." அவர் பழையபடி, "கட்டித்தான்..." என்று இழுத்தார்.

"கட்டல" என்றேன். "கொக்கிய நாந்தான் சரியா மாட்டல. சத்தம் கேக்கல. தெரிஞ்சேதான் போனேன். அவுக என்னைய நம்பித்தான் பேசுனாக."

 அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை எனக்கு. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தத் தட்ட நானே ஏந்திக்கிட்டு சாத்தான்குளத்துக்குப் போயிருப்பம்லா. புள்ள கல்யாணத்தப் பாத்திருப்பம்லாட்டி" என்றார். நான் அழுதேன். செல்விதான் என் தோளைப் பிடித்தாள். "இத நெஞ்சுல வச்சுக்கிட்டு நாலு வருசமா எப்படி மதினி சோறு தின்னிய?" அந்த அண்ணன் வேட்டியை லேசாகத் தூக்கித் தழும்பைப் பார்த்துக்கொண்டார். "நான் ஒரு வாயில்லாச் சீவனப்போட்டு இத்தன நாளு ஏசியிருக்கேன். மன்னிச்சிரு துரை" என்று புறவாசல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும். செல்விக்கு அது தெரியாதா? கேட்டைத் தாண்டியவள் நின்று, திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"போயிட்டு வாரேண்ணே."

"வா" என்றார் அவர்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்துவிட்டாள். பட்டுச்சேலை செல்வியின் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மாதம் அவள் கைக்குழந்தையோடு வந்து நம் வீட்டில் ஒரு வாரம் இருக்கப்போகிறாள். உறவுக்காரர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? உன்னால் பிரிந்த குடும்பம் நீ செத்துச் சேர்ந்ததாம். கேட்கிற இடத்திலெல்லாம் நிறுத்தி, பிரித்தது நான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ என்னைக் காத்தாய், துரை. உன் பெயரை இனி நான் காப்பேன்.