மாதா மினிபஸ் ஏறிய நாள்

அன்பு மகள் ஒடிலியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று எந்த முகத்தோடு கேட்பது, ஆனாலும் கேட்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஏலக்காய் நல்ல விளைச்சல், சிவப்புக் கோழி அடைகாக்கிறது. இதையெல்லாம் எழுதி எழுதிச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடுகிறேன் பார்.

கோவில் இணையப் பக்கத்தில் எப்படிப் பதிப்பது என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய், "வரைபடத்தைப் படமா ஒட்டாதம்மா, ஜன்னலா வை, அங்க அசைஞ்சா இங்கயும் அசையும்" என்று. அப்படித்தான் வைத்தேன். மாதா பல்லக்கு எந்தத் தெருவில் வருகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று பல்லக்கில் கட்டிய போனின் இணைப்பைப் போட நினைத்தேன், அவசரத்தில் நீ ஆஸ்பத்திரி வேலை முடிந்து வீடு போய்ச் சேரும்வரை நான் பார்க்க எனக்கு அனுப்பும் உன் போனின் இணைப்பைப் போட்டுவிட்டேன். மாதாவின் புள்ளி நம் தெருவை விட்டு, நீ இருந்த ஷேலா ஊரில் பஸ் வேகத்தில் ஓடியது. தெருவே சிரித்தது. "நம்ம பேண்டு வாத்தியம் தாங்காம மாதா மினிபஸ் ஏறிட்டாங்கப்பா" என்றார் கோவில்பிள்ளை சூஸ். நானும் சேர்ந்து சிரித்தேன் மகளே, அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. புள்ளி ஒரு சந்தில் நின்றது. அது உன் வீட்டுச் சந்து என்று எனக்கு உறைத்தபோது, எதிரே பழக்கஞ்சிக் கடையில் உன்னைக் கட்டியவன் ரிகோபெர்த்தோ போனையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அடிக்குப் பயந்து நீ இரண்டு வருஷமாக ஒளித்து வைத்த இடத்தை நான் கோவில் பக்கத்தில் போட்டு ஊருக்கே காட்டிவிட்டேன்.

உடனே உனக்குப் போன் செய்தேன், நீயும் அப்போதே கிளம்பிவிட்டாய், மறுநாள் அவன் பூட்டிய கதவை உதைத்துவிட்டுத் திரும்பினானாம். "தெரிஞ்சா செஞ்ச, வந்து சாப்பிடு" என்கிறார் அப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வேலையும் போயிற்று, அடுப்பில் வைத்த பீன்ஸைக்கூட விட்டுவிட்டுப் போனாயாமே.

புது விலாசத்தை எனக்குத் தரச் சொன்னாயாம், சித்தி சொன்னாள். வேண்டாம் கண்ணு, அவளிடமே இருக்கட்டும், இந்தக் கடிதத்தையும் அவளே சேர்ப்பாள். நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் சொல்லியனுப்பு. மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட மறக்காதே.

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாத,
உன் அம்மா எலுவியா