இரண்டாம் நாள் வலி

1936 நவம்பர் 4

ஸரஸா இன்று மணையிலிருந்து எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்டால், "ஒண்ணுமில்லை" என்கிறாள். ஒன்றுமில்லாமலா இருபத்துமூன்று வயதுப் பெண்டாட்டி கிழவி மாதிரி எழுந்திருப்பாள்?

நவம்பர் 6

மேல்கோட்டையிலிருந்து லக்ஷ்மம்மா அத்தை வந்தாள். ஸரஸா அவளை விழுந்து சேவிக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். "உன் ஆத்துக்காரி பெரிய மனுஷி ஆயிட்டாளோடா?" என்று அத்தை கேட்டாள். மானம் போயிற்று. போன வருஷம் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் டிரில் டீச்சர் வேலைக்கு மனு எழுதிக்கொண்டு வந்தாள், கிழித்துப் போட்டேன். அந்தக் கோபமா இன்னும்?

நவம்பர் 8

அடுப்படியில் ஒரு துணி முடிச்சு. பிரித்தால் உப்பு, இன்னும் சூடாறவில்லை. புடவையில் கற்பூர எண்ணெய் வாசனை வேறு. புதனும் ஞாயிறும் விடியற்காலையில் கமலம்மாளிடம் தையல் கற்கப் போகிறாள். கமலம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். சரி, தையல் கற்கிறவளுக்குக் காலில் எதற்கு ஒத்தடம்? மூன்று வாரமாயிற்று, ஒரு கைக்குட்டைகூடத் தைத்துக் காட்டவில்லை.

நவம்பர் 11

கேட்கப் போவதில்லை. கேட்டால் பொய்தான் வரும்.

நவம்பர் 15, ஞாயிறு

தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே போனேன். ஸரஸாவும் கமலம்மாளும் சாமுண்டி மலை அடிவாரத்தில் ஜட்காவை விட்டு இறங்கினார்கள். மலைமேல் இருப்பது அம்மன் கோயில்; வைஷ்ணவர்களான எங்கள் மனுஷர்கள் அதன் வாசலை மிதிப்பதில்லை. அப்படியானால் யாரைப் பார்க்க வந்தாள்? சைக்கிளைப் புதரில் சாய்த்துவிட்டு நானும் பின்னால் ஏறினேன். ஆயிரம் படி! பாதியில் நாக்குத் தள்ளிவிட்டது. வழியிலிருக்கும் பெரிய நந்திச் சிலைக்குப் பின்னால் ஒளிந்து மூச்சு வாங்கினேன். மீதியையும் ஏறி மறைந்து நின்று பார்த்தேன். உச்சியில் கமலம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக் காகிதத்தில் ஏதோ குறித்தாள். இவள் காலை நீட்டி மடக்கினாள். அவ்வளவுதான். ஆண்பிள்ளை வாடையே இல்லை. ஏமாற்றமாக இருந்தது — ஏமாற்றம் எதற்கடா, மடையா? அவர்களுக்கு முன்னால் வீடு சேர ஓடியே இறங்கினேன்.

நவம்பர் 16

தொடையில் லேசான பிடிப்பு. தப்பித்தேன்.

நவம்பர் 17

அப்பப்பா! காலையில் பெருமாளைச் சேவித்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. ஸரஸா வந்து பார்த்தாள். உப்பை வறுத்து முடிந்துகொண்டு வந்து ஒத்தடம் வைத்தாள்.

"படி இறங்கினா ரெண்டாம் நாள்தான் வலி ஜாஸ்தியாகும். ஞாயித்துக்கிழமை எந்தப் படி இறங்கினேள்?"

நான் வேஷ்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மொதல் நாளே ஆயிரமும் ஏறப்படாது. நூறு நூறாக் கூட்டணும். நாளைக்குப் படுத்துண்டே இருக்காதேள், மெல்ல நடங்கோ, விட்டுடும்."

பெங்களூரில் டிரில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களாம். கால் தாங்க வேண்டுமென்றுதான் மலை ஏறுகிறாளாம்.

"என்கிட்டே ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொன்னேனே, போன வருஷம்."

நவம்பர் 20

கால் சரியாகிவிட்டது. அந்தப் பயிற்சிக்கான மனுவில் புருஷனோ தகப்பனாரோ கையெழுத்துப் போட வேண்டுமாம். மூன்று நாளாகக் காத்திருந்தேன், அவள் கொண்டுவரவில்லை. இன்று நானே கேட்டேன்: "கொண்டா, போட்டுத் தரேன்."

"புதன்கிழமையே மண்டி மொஹல்லாவிலே அப்பா ஆத்துக்குப் போய் அவர்கிட்டே கையெழுத்து வாங்கிண்டுட்டேன். தபால்ல சேர்த்தாச்சு."

என்றைக்குப் பெங்களூர் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். மறுபடி வேவு பார்க்கிறேன் என்று நினைப்பாள். கேட்கவில்லை.