தம்பியின் பெயரைக் கொடுத்தவருக்கு

பெரியப்பா,

இன்று காலை வெஸ்ட்மீட் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது, பக்கத்தில் நின்றவரிடமிருந்து முகம் வழித்தபின் நீங்கள் பூசும் அதே லோஷன் மணத்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்த மணம்தான் முதலில் வரும். பிறகு வியட்நாம், இந்தோனேசியா, சிலி என்று உங்கள் கதை தொடங்கும். அமெரிக்கன் இறங்கியிராவிட்டால் உலகம் முழுக்கச் சிவந்திருக்கும் என்பீர்கள். அப்பா உங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அவர் இளம் வயதில் இடதுசாரியாக இருந்ததும், ஊரில் எழுபத்தோராம் ஆண்டுக் கிளர்ச்சி நடந்தபோது பொலிஸ் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்து அவர் முழங்காலை உடைத்ததும் எனக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தது யார் என்பது மட்டும் அப்போது தெரியாது.

அதை என் பட்டமளிப்பு விருந்தில் நீங்களே சொன்னீர்கள். கொழும்பில் அமெரிக்கர் நடத்திய ஒரு வாசகசாலையில் வேலை பார்த்த நாட்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். சிவப்பு ஆட்கள் யார் யார் என்று, பொலிசுக்குக் கொடுக்க, அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை கேட்டாராம்.

"குடுத்தனான். இவன்ரை பேரையும் சேத்துத்தான் குடுத்தனான்," என்று அப்பாவின் தோளில் தட்டினீர்கள். "கம்யூனிசத்தோடை சண்டை எண்டால் தம்பி எண்டு பாக்கேலாது. என்ன, நாலு அடி விழுந்தது. ஆள் திருந்தீட்டான்."

மேசையே சிரித்தது. அப்பா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் கறி போடட்டே?" என்றார்.

அதற்குப் பிறகு நிறைய வாசித்தேன். நாடு நாடாகப் பெயர்கள் கைமாறியதையும், அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் வீடு திரும்பாததையும். அரசுகளும் உளவாளிகளும் அந்தப் புத்தகங்களில் இருந்தார்கள். விருந்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரிக்கும் அண்ணன்மாரைக் காணவில்லை.

நீங்கள் காலமானபின், முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலரில் உங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆள் தேவைப்பட்டது. உங்கள் மகன், இந்த நாட்டிலேயே வளர்ந்த அண்ணா, என்னைக் கேட்டார். எனக்குத்தான் நல்ல தமிழ் வருமாம், டாடியைப் பற்றிப் பெருமையாக எழுத வேண்டுமாம். எழுதினேன். பிறந்த ஊர், படித்த கல்லூரி, முருகன் கோயிலுக்குச் செய்த தொண்டு. நடுவில் ஒரு வரி: கம்யூனிசத்தை எதிர்ப்பதற்காக உடன்பிறந்த தம்பியின் பெயரையே அமெரிக்கரிடம் கொடுத்து, அவர் சிறை செல்லவும் கால் உடையவும் காரணமாக இருந்தவர்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. அண்ணாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, நீங்கள் பழக்கவில்லை. 'லுக்ஸ் கிரேட்' என்று எனக்குச் செய்தி அனுப்பிவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்த பெரியவர்கள் மலரைப் பிரித்தார்கள். ஒவ்வொரு மேசையாகப் பேச்சு நின்றது. என் பட்டமளிப்பு விருந்துக்கும் வந்திருந்த அன்ரி ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதை இப்பிடிப் போடலாமோ?"

"பெரியப்பா சொன்னதுதானே அன்ரி. அண்டைக்கு நீங்களும் சிரிச்சனீங்கள்."

அவர் மலரைக் கதிரையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அப்பா அந்தப் பக்கத்தை நெடுநேரம் வாசித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அச்சிலை வந்திட்டுது," என்றார், அவ்வளவுதான். பிறகு காலை இழுத்தபடி வாசலுக்குப் போய், பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டார்.

இறந்தவரை மன்னித்துவிட வேண்டும் என்கிறார்கள். நான் மன்னிக்கவில்லை. கோபம் என்னோடு சுகமாக இருக்கிறது, வேலைக்குப் போகிறது, வருகிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் ஒருநாள் தமிழ் படிக்க ஆசைப்பட்டால் நானே சொல்லிக்கொடுப்பேன். முதல் பாடம் உங்கள் மலர்தான்.

உங்கள் தம்பியின் மகள்